ஆங்கிலேயரின் கேலிப் பஞ்சாங்கங்கள்: உள்ளே என்னென்ன இருந்தது, நாமும் ஒன்று போடுவது எப்படி?

குடமுருட்டி கேட்டது:

வணக்கம். பாபநாசம் பக்கத்தில் எங்கள் வாசகர் வட்டம் சித்திரை ஒன்றாம் தேதிக்கு 32 பக்கத்தில் ஒரு கேலிப் பஞ்சாங்கம் கொண்டுவர இருக்கிறது. கோவிலில் பஞ்சாங்கம் படித்து முடிந்ததும் வெளியே வருகிறவர்கள் கையில் கொடுப்பதாகத் திட்டம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை இப்படி நிறைய வந்திருக்கின்றன என்று தெரியும். ‘புவர் ராபின்’, ‘காமிக் அல்மனாக்’, ‘பஞ்ச்’ என்ற கேலி இதழின் அல்மனாக் என்று பெயர்கள் கிடைத்தன (அல்மனாக் என்றால் ஆங்கிலப் பஞ்சாங்கம்). அவற்றின் அமைப்பு எப்படி? கேலியை எந்த இடத்தில் வைத்தார்கள்? முதலில் எதைப் படிக்க வேண்டும்? நம்மூர்ப் பஞ்சாங்கத்தில் எந்தெந்தப் பகுதி இதற்குத் தோதாக இருக்கும்? அச்சு விஷயமும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

கீழராஜவீதி பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். அந்தக் கேலிப் பஞ்சாங்கங்களில் நாள்காட்டி உண்மையானது. தேதி, கிழமை, திருநாள், பிறை எல்லாம் சரியாக இருக்கும். வாங்கியவர் அதை ஆண்டு முழுக்கச் சுவரில் மாட்டிப் புழங்கலாம். கேலி முழுவதும் அந்தச் சரியான எலும்புக்கூட்டைச் சுற்றித்தான். தேதியையும் கற்பனையாகப் போட்டால் அது ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும் துணுக்குப் புத்தகம்.

அன்றைய சாதாரண ஆங்கிலப் பஞ்சாங்கம் சிறு அளவுப் புத்தகம். முதலில் தலைப்புப் பக்கம். அடுத்து உலகம் படைக்கப்பட்டு இத்தனை ஆண்டு, இன்ன அரசர் முடிசூடி இத்தனை ஆண்டு என்ற காலக்கணக்கு. பிறகு உடலின் எந்த உறுப்பை எந்த ராசி ஆள்கிறது என்று காட்டும் மனித உருவம். அதற்குப்பின் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பக்கமாகப் பன்னிரண்டு மாதம். பின்பகுதியில் வானிலை, நோய், விளைச்சல் பற்றிய ஆண்டுப் பலன். கடைசியில் சந்தை நாள்கள், சாலைத் தொலைவு, நீதிமன்றப் பருவங்கள், லண்டன் பாலத்தில் நீர் ஏறும் நேரம். கேலிக்காரர்கள் இந்த வரிசையைக் குலைக்கவே இல்லை. ஒவ்வொரு உறுப்பையும் அப்படியே வைத்து உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினார்கள்.

‘புவர் ராபின்’ 1660களின் தொடக்கத்தில் கிளம்பி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. எசெக்ஸ்காரரான வில்லியம் வின்ஸ்டன்லி தொடங்கியது என்று பெரும்பாலும் கருதுகிறார்கள். அதன் சிறப்பு இரட்டைப் பத்தி. 1664ஆம் ஆண்டுப் பதிப்பின் தலைப்புப் பக்கமே இரண்டு நாள்காட்டி என்று அறிவிக்கிறது: ஒன்று முறையான ஆங்கில நாள்காட்டி, மற்றது அரசருக்கு எதிராக நின்ற வட்டத்தலையர்களின் நாள்காட்டி, அவர்களுடைய ‘புனிதர்’களின் திருநாள்களோடு. இடது பத்தியில் உண்மையான புனிதர். அதே தேதிக்கு நேரே வலது பத்தியில் கலகக்காரன், கொள்ளைக்காரன், கதையில் வரும் ஆள். இரண்டு பத்தியும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் இருக்கும். வேறு விளக்கம் கிடையாது. அந்த நேர்வரிசைதான் சிரிப்பை உண்டாக்குகிறது. எழுத்து அளவை மாற்றியோ, சாய்வெழுத்தில் போட்டோ ‘இது ஜோக்’ என்று அடையாளம் காட்டினால் பாதி வலு போய்விடும்.

ஆண்டுப் பலனில் இரண்டு உத்தி உண்டு. ஒன்று, ஒருபோதும் பொய்க்காத பலன். இதன் வேர் பிரான்சில், 1530களில் ரபலே என்ற எழுத்தாளர் எழுதிய கேலிப் பலனில் இருக்கிறது: இவ்வாண்டு குருடருக்குப் பார்வை மிகக் குறைவாகவே இருக்கும், செவிடருக்குக் காது சரியாகக் கேட்காது, நோயாளிகளைவிட ஆரோக்கியமானவர்கள் நலமாக இருப்பார்கள். இதையே அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் ‘புவர் ரிச்சர்ட்’ 1739 பதிப்பில் எடுத்தாண்டார். இன்னொன்று, மிகைத் துல்லியம். யாருக்கும் தேவையில்லாத ஒரு சின்ன விஷயத்துக்கு நாள், மணி, நிமிஷம் எல்லாம் கொடுப்பது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வெறும் முதல் உத்தியிலேயே இரண்டு பக்கம் ஓட்டினால் நாலாவது வரியிலேயே அலுத்துவிடும்.

19ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ‘காமிக் அல்மனாக்’. 1835 முதல் 1853 வரை, சார்லஸ் டில்ட் தொடங்கிய வெளியீடு, ஜார்ஜ் குரூக்ஷாங்கின் செதுக்கோவியங்கள், மாதத்துக்கு ஒன்று. ஏன் சரியாக 1835? ஆங்கிலப் பஞ்சாங்கங்களுக்கு 1711இல் வந்த முத்திரை வரி ஏறி ஏறிப் பிரதிக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் வரை போயிருந்தது. 1834இல் அதை நீக்கினார்கள். வரி போன கையோடு புதுப் பஞ்சாங்கங்கள் குவிந்தன. அதற்கு முன்பே பஞ்சாங்கம் அச்சிட லண்டன் புத்தக வணிகர் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு இருந்த ஏகபோக உரிமை, 1775இல் தாமஸ் கார்னன் என்ற புத்தக வணிகரோடு நடந்த வழக்கில் உடைந்திருந்தது.

குரூக்ஷாங்கிடம் பார்க்க வேண்டியது படங்களின் பொருள். தை மாதம் என்றால் பனி, மாசி என்றால் மகம் என்று எல்லோரும் வரைவதை அவர் வரையவில்லை. ஜனவரிக்குப் போன வருஷத்துக் கடன் பில்கள் வந்து குவிவது, ஆகஸ்ட்டுக்குச் சிப்பி விற்பனை தொடங்கும் நாளின் தெருக்கூட்டம். அந்த மாதத்தில் ஊர் உண்மையில் என்ன பாடுபடுகிறது என்பதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் நமக்குச் சித்திரைக்கு வாய்க்கால் தூர்வாரல், ஆனிக்கு மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்ற கேள்வி, ஐப்பசிக்குச் சம்பா வயலில் தேங்கிய மழைநீர், மாசிக்குக் கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியல். ஆடிக்குப் பதினெட்டாம் பெருக்கைத் தவிர வேறெதுவும் போட முடியாது, போடவும் கூடாது.

---

வெட்டாறு பதில்:

ஸ்கேன் தேடுவதற்குச் சில எச்சரிக்கை.

‘காமிக் அல்மனாக்’ என்று இணையத்தில் அடிக்கடி கிடைப்பது மூலப் பதிப்பு அல்ல, ஜான் கேம்டன் ஹாட்டன் பின்னாளில் இரண்டு தொகுதியாகப் போட்ட மறுபதிப்பு: 1835–43 ஒன்று, 1844–53 மற்றது. படிக்க அது போதும். ஆனால் பக்க அமைப்பைப் பார்த்துச் செய்யப்போகிறீர்கள் என்றால் தனி ஆண்டு மூலத்தையே தேடுங்கள். ஒரு மாதத்துக்கு எத்தனை பக்கம், படம் எந்தப் பக்கத்தில், விளம்பரம் எங்கே என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

அடுத்தது ஆண்டு. ஒரு வருஷத்துப் பஞ்சாங்கம் முந்தின வருஷக் கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிடும். 1842க்கான ‘பஞ்ச்’ அல்மனாக் 1841 இறுதியில் வந்தது. அது 90,000 பிரதி போனதாக அந்த இதழின் வரலாற்றில் சொல்கிறார்கள். ஆகவே நூலகப் பட்டியலில் ஒரே பிரதிக்கு இரண்டு ஆண்டு தென்பட்டால் குழம்ப வேண்டாம்.

1752க்கு முந்தையதைத் தொட்டால் மூன்று சிக்கல். இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆனால் பஞ்சாங்கங்கள் ஜனவரி 1இலேயே தொடங்கின. எனவே ‘புவர் ராபின் 1664’ என்பது நாம் சொல்லும் 1664தான்; ஆனால் ஒரு துண்டுப்பிரசுரத்தில் ‘பிப்ரவரி 1707’ என்று இருந்தால் அது 1708ஆக இருக்கலாம். இரண்டாவது, கிழமை. அவர்கள் பழைய ஜூலியன் கணக்கில் இருந்தார்கள். 1708 மார்ச் 29 அங்கே திங்கட்கிழமை. இன்றைய நாள்காட்டி மென்பொருளில் அப்படியே போட்டால் வியாழன் என்று வரும், ஏனென்றால் நடுவே 11 நாள் வித்தியாசம். மூன்றாவது, 1752ஆம் ஆண்டே. அப்போதுதான் இங்கிலாந்து இன்றைய கிரிகோரியன் கணக்குக்கு மாறியது. செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. அந்த மாதத்துக்கு 19 நாள்தான். லினக்ஸ் கணினியில் ‘கேல்’ கட்டளையில் அந்த மாதத்தைக் கேட்டால் ஓட்டையோடு காட்டும். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்கோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும்.

படிக்கும் வரிசை கேட்டீர்கள். முதலில் ஒரு ‘காமிக் அல்மனாக்’ ஆண்டை மட்டும் அட்டை முதல் அட்டை வரை. 1839 நல்ல தேர்வு, நாவலாசிரியர் தாக்கரேயின் ‘ஸ்டப்ஸ் காலண்டர்’ கதை பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பகுதியாக அதில் வந்தது. ஒரு கதையை மாதங்களில் எப்படித் தொங்கவிடுவது என்று கற்கலாம். பிறகு ‘புவர் ராபின்’ ஏதாவது ஒன்று. கையோடு அன்றைய மெய்ப் பஞ்சாங்கமான ‘வாக்ஸ் ஸ்டெல்லாரம்’ ஒன்றையும் பாருங்கள். பிரான்சிஸ் மூர் தொடங்கியது, 1768இலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. எதைக் கேலி செய்கிறார்கள் என்று தெரியாமல் கேலியைப் படித்தால் பாதி புரியாது. பேட்ரிக் மர்ஃபி விஷயமும் தெரிந்திருக்கட்டும்: 1838க்கான தன் வானிலைப் பஞ்சாங்கத்தில் ஜனவரி 20 கடுங்குளிர் நாளாக இருக்கும் என்று போட்டார், லண்டனில் அப்படியே ஆனது. புத்தகம் பதிப்பு பதிப்பாகப் பறந்தது. மற்ற நாள்களில் பெரும்பாலும் தவறினார். அன்றைய கேலிக்காரர்களுக்கு அவர் நல்ல தீனி.

---

உத்தராயணம் பதில்:

நம் பஞ்சாங்கத்தில் எது தோதாகும் என்பதற்கு:

ஆங்கிலப் பஞ்சாங்கத்து ராசி மனிதனும் நம் காலபுருஷனும் ஒரே ஆள்தான். மேஷம் தலை, மீனம் பாதம் என்பது இரண்டிலும் ஒன்று. அந்தப் பக்கத்தை அப்படியே எடுக்கலாம். உறுப்புக்கு நேரே ராசிக்குப் பதில் ஊர்: தலைக்கு மேட்டூர், தொண்டைக்கு முக்கொம்பு, வயிற்றுக்குக் கல்லணை, பாதத்துக்குக் கடைமடை. தண்ணீர் போய்ச்சேரும் வரிசை மாறாமல் இருக்கட்டும், அதில்தான் பொருள் இருக்கிறது.

நவநாயகர் பக்கம், அதாவது அந்த ஆண்டுக்கு எந்தக் கிரகம் எந்தப் பதவியில் என்று காட்டும் பக்கம், மிக வளமானது. ராஜா, மந்திரி, சேனாதிபதி, அர்க்காதிபதி, மேகாதிபதி, ஸஸ்யாதிபதி, தான்யாதிபதி, ரஸாதிபதி, நீரஸாதிபதி என்று ஒன்பது பேர். கிரகத்துக்குப் பதில் இங்கே பொருள்களை உட்கார வைக்கலாம். மேகாதிபதி: மேட்டூர் ஷட்டர். தான்யாதிபதி: கொள்முதல் நிலையத்து ஈரப்பத மீட்டர், பலன்: 17 சதவீதத்துக்கு மேல் உள்ளோர்க்கு அலைச்சல். பலன் வாசகத்தைப் பஞ்சாங்க மொழியிலேயே எழுதுங்கள். ‘தான்ய விருத்தி’, ‘க்ஷேமம்’, ‘அலைச்சல்’, ‘விரயம்’ என்ற சொற்களை விடாதீர்கள். பேச்சுத் தமிழில் எழுதினால் உடனே துணுக்காகிவிடுகிறது.

சூலம், பரிகாரம்: திங்கள், சனி – கிழக்கு, தயிர்; செவ்வாய், புதன் – வடக்கு, பால்; வியாழன் – தெற்கு, தைலம்; வெள்ளி, ஞாயிறு – மேற்கு, வெல்லம். திசையை உண்மையாகவே வைத்துவிட்டு, பரிகாரத்தை மட்டும் மாற்றுங்கள். பல்லி விழும் பலன், கனவுப் பலன் இரண்டும் பட்டியல்கள், அரைப் பக்கம் போதும். மழை மரக்கால் கணக்கை (கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை, பூமியில் இத்தனை) வாய்க்கால் கணக்காக மாற்றலாம்: தலைமடைக்கு இத்தனை, நடுவில் இத்தனை, கடைமடைக்கு இத்தனை. கூட்டினால் மொத்தம் சரியாக வர வேண்டும். ஊரில் கூட்டிப் பார்ப்பவர்கள் நிச்சயம் உண்டு.

தொடக்கூடாதவையும் சொல்கிறேன். ராகுகாலம், எமகண்டம், அமாவாசை, ஏகாதசி, முகூர்த்த நாள் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். யாராவது உங்கள் புத்தகத்தைப் பார்த்துத் திதி கொடுக்கப் போய்விடுவார்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று ஒன்றைத் தேர்ந்து இரண்டாம் பக்கத்தில் அச்சிடுங்கள். திதி முடியும் நேரம் இரண்டுக்கும் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபடும். இரண்டையும் பார்த்துக் கலந்து எடுத்தால் ஒரே பக்கத்தில் முரண் வரும்.

நாழிகையை மணியாக்கும்போது அடிக்கடி நேரும் பிழை: நாழிகை எண்ணுவது சூரிய உதயத்திலிருந்து, நள்ளிரவிலிருந்து அல்ல. 1 நாழிகை 24 நிமிஷம், இரண்டரை நாழிகை 1 மணி. உதயம் 6.05 என்றால் 12 நாழிகை 30 விநாடி என்பது 5 மணி நேரம் கழித்து, காலை 11.05. இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒன்று, 24 செகண்டு. கடிகார செகண்டாக நினைத்தால் கணக்கு கெடும்.

---

குடமுருட்டி:

எல்லோருக்கும் நன்றி. இரட்டைப் பத்தி எடுத்துக்கொள்கிறோம். இன்னொரு சந்தேகம். ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஸ்விஃப்ட் ஒரு ஜோசியர் சாவார் என்று தேதி குறித்தாராமே, அதே பாணியில் உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துச் செய்யலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். சரிவருமா?

---

கீழராஜவீதி:

ஆளைக் குறித்துச் செய்யாதீர்கள். முதலில் அந்தச் சம்பவத்தின் அமைப்பைப் பாருங்கள். ஜான் பார்ட்ரிட்ஜ் புகழ்பெற்ற பஞ்சாங்கக்காரர், முன்பு செருப்புத் தைத்தவர். ஸ்விஃப்ட் ‘ஐசக் பிக்கர்ஸ்டாஃப்’ என்ற கற்பனைப் பெயரில் 1708க்கான பலன்களை வெளியிட்டு, மார்ச் 29 இரவு 11 மணியளவில் பார்ட்ரிட்ஜ் கடுங்காய்ச்சலில் இறப்பார் என்று போட்டார். தேதி கடந்ததும் வேறொருவர் எழுதியதுபோல ஒரு கடிதம்: ஆம், இறந்துவிட்டார், ஆனால் பிக்கர்ஸ்டாஃபின் கணிப்பு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் பிசகிவிட்டது. அந்த நாலு மணி நேரப் பிசகுதான் இதில் பெரிய கைவேலை. முழுக்கப் பலித்தது என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். பார்ட்ரிட்ஜ் 1709 பஞ்சாங்கத்தில் தான் உயிரோடு இருப்பதாக எழுதினார். உயிருள்ள எவனும் இப்படிப்பட்ட சரக்கை எழுதமாட்டான் என்று அதற்கும் பதில் வந்தது. பிராங்க்ளினும் போட்டியாளர் டைட்டன் லீட்ஸ் 1733 அக்டோபர் 17 பிற்பகல் 3.29க்கு இறப்பார் என்று இதே விளையாட்டை ஆடினார்.

அங்கே குறி வைத்தது நாடறிந்த, அச்சில் பதிலடி கொடுக்கக்கூடிய ஒருவரை. உங்கள் ஊரில் ஜாதகம் பார்த்துப் பிழைப்பவருக்கு அந்த வசதி இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறு குற்றம். பெயர் போடாமல் அடையாளம் புரியும்படி எழுதினாலும் வழக்கு வரலாம். சாவு என்று எழுதுவதை நம் ஊர் வீடுகளில் விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தக் குடும்பத்தின் மனசு நோகும்.

அதே உத்திக்கு ஆள் வேண்டாம், பொருள் போதும். ஊருக்கு எல்லாம் தெரிந்த ஒரு மதகின் ஷட்டர், ஒரு தெருவிளக்கு, பேருந்து நிறுத்தத்து நிழற்குடை. ‘ஆனி 14, பகல் 3 மணி 29 நிமிஷத்துக்கு மேற்படி விளக்கு அணையும்’ என்று எழுதி, அடுத்த மாதப் பக்கத்தில் ‘நாலு மணி முன்னதாகவே அணைந்தது’ என்று தொடரலாம். எழுதுவதற்கும் ஒரு கற்பனை ஜோசியரை உருவாக்குங்கள். ‘காமிக் அல்மனாக்’ கூட ‘ரிக்டம் ஃபன்னிடாஸ்’ என்ற கற்பனை ஆசிரியர் பெயரில்தான் வந்தது. பட்டம், ஊர், பரம்பரை எல்லாம் கொடுத்து ஒரே குரலில் 32 பக்கமும் அவரே பேசினால், பலர் எழுதினாலும் ஒட்டுத் தெரியாது.

வானிலைக்கு ஒரு நுட்பம். பழைய மெய்ப் பஞ்சாங்கங்களில் மழைக் குறிப்பை ஒரே தேதியில் போடாமல், சொல் சொல்லாகப் பல தேதி வரிகளில் சிதறவிடுவார்கள். எந்தத் தேதி என்று பிடிக்க முடியாது. பிராங்க்ளின் 1737இல் முன்னே ஓரிரு நாள், பின்னே ஓரிரு நாள் சலுகை கேட்டது இதைக் குத்தித்தான். ஐப்பசிப் பக்கத்தில் பத்து வரிக்கு ஒரு சொல்லாகச் செய்து பாருங்கள்.

மாதத்துக்கு 30 வரி என்றால் கேலி வரி 8, அதிகம் போனால் 10. மற்றவை மெய்யான திருநாள்களாக இருக்கட்டும். திருவையாறு ஆராதனை, கும்பகோணம் மாசிமகம், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம் எல்லாம் சரியான தேதியில் வர வேண்டும். ஹிஜ்ரி நாள் பிறையைப் பொறுத்தது என்பதால் கந்தூரிக்கு நேரே ‘பிறை பார்த்து’ என்று போட்டுவிடுங்கள்.

---

பாரக்கணக்கு பதில்:

அச்சு வேலை.

டெமி 1/8 அளவு, 16 பக்கம் ஒரு பாரம், உங்களுக்கு 2 பாரம். உள்தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, சென்டர் பின் (நடு மடிப்பில் கம்பி அடிப்பது). மாதத்துக்கு 2 பக்கம் வீதம் 24 பக்கம். இதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். சித்திரை இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்கினால்தான் ஒவ்வொரு மாதமும் விரித்தால் எதிரெதிரே தெரியும். ஒற்றைப்படையில் தொடங்கினால் பன்னிரண்டு மாதமும் தாளின் முன்பின்னாக உடைந்துபோகும், இரட்டைப் பத்தி கேலி செத்துவிடும். ஆகவே முன்பகுதிக்கு 5 பக்கம், 6 முதல் 29 வரை மாதங்கள், 30 முதல் 32 வரை பட்டியல்கள். இந்தக் கணக்கில் நடுப்பக்கமான 16, 17இல் புரட்டாசி வரும். கம்பிப் பின் அங்கேதான் குத்தும், அந்த மாதத்துக்கு உள்மார்ஜினில் எழுத்து வேண்டாம்.

பக்கம் கோர்க்கும்போது ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரும் எண்கள் கூட்டினால் 33 வர வேண்டும்: 32ம் 1ம், 2ம் 31ம், 16ம் 17ம். ஒரு ஜோடி பிசகினாலும் பிளேட் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத்தாளை மடித்து எண் எழுதி டம்மி செய்து அச்சகத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. அட்டவணையை 32 வரிக்கு வடிவமைத்துக்கொள்ளுங்கள். 9 பாயிண்ட் எழுத்து, 12 பாயிண்ட் வரி இடைவெளி என்றால் 32 வரிக்கு சுமார் 135 மில்லிமீட்டர், மேலே மாதத் தலைப்புக்கும் ஒரு வெண்பாவுக்கும் இடம் மிஞ்சும். 9க்குக் கீழே இறங்கினால் புள்ளியும் சுழியும் அடைந்துபோகும்.

திருநாளைச் சிவப்பில் போட ஆசை இருந்தால், தாளின் ஒரு புறத்துக்கு 8 பக்கம் ஓட்டும் மெஷினில் 2 பாரத்துக்கும் முன், பின் என்று 4 பிளேட் கூடுதல். சிவப்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கட்டத்துக்குள் இருக்கும் தேதி கோட்டில் ஏறிவிடும். அதனால் கட்டம் போடாமல், முழு வரியையும் சிவப்பில் விடுங்கள், நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிரதி 300க்குள் என்றால் ஆஃப்செட் வேண்டாம், டிஜிட்டலில் போடலாம், அங்கே நிறத்துக்குத் தனிப் பிளேட் செலவு இல்லை.

எழுத்துரு: எல்லோரும் யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அச்சகம் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினி (யுனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) வைத்திருந்தால் நேரே ஒட்டினால் கேள்விக்குறியாக வரும், மாற்றி மூலம் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மாற்றியபின் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஔ’ மூன்றையும் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அவைதான் உடையும். இன்டிசைன் மென்பொருளில் செய்தால் வேர்ல்டு ரெடி கம்போஸர் தேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். பஞ்சாங்கக் குறிகளான ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம் மூன்றும் எல்லா எழுத்துருவிலும் இல்லை. பிடிஎஃப் எடுத்தபின் வெறும் கட்டமாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

ஆணியில் மாட்ட ஓட்டை போடுவதானால் முதுகை ஒட்டிய மேல்மூலையில், இரண்டு விளிம்பிலிருந்தும் 12 மில்லிமீட்டர் உள்ளே. அந்த இடத்தை 32 பக்கத்திலும் காலியாக விட்டு வடிவமையுங்கள்.

மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர். ஒருவர் தேர்ந்தெடுத்த பஞ்சாங்கத்தை உரக்கப் படிக்கட்டும், மற்றவர் உங்கள் பிரதியில் தேதி, கிழமை, நட்சத்திரம், திதியை மட்டும் டிக் போடட்டும். கேலி வரிகளை அந்தச் சுற்றில் படிக்கவே கூடாது, சிரித்தால் அடுத்த வரி தவறும். கேலிக்குத் தனிச் சுற்று. பங்குனி பத்துக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். அதற்குப்பின் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீஸும் மெஷினைப் பிடித்துக்கொள்ளும்.